வெந்நீருக்கு ஒரு கமிட்டி

10 நவம்பர் 1986, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. சவுக்குக் கட்டை முழுக்க ஈரம். அடுப்படி நிறையப் புகை, அண்டாவில் தண்ணீர் ஜில்லென்று. கட்டில் ஒன்றுகூடக் காலியில்லை. பிள்ளை பெற்றவர்கள் குளிக்கக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் என் தலையை உருட்டுகிறார்கள்.

"பச்ச ஒடம்புக்காரி எம்மா நேரம் குந்திக்கினு இருப்பா சிஸ்டர்?"

நான் என்ன, மழையை நிறுத்தவா முடியும்.

ஒருவழியாகக் கொதித்தது. தண்ணீர் தூக்குகிற கன்னியம்மா வாளியில் மொண்டு, நனைந்த தாழ்வாரம் வழியாகத் தூக்கி வந்தாள். வழுக்கிவிட்டது. இடது காலில், முழங்காலுக்குக் கீழே அத்தனையும் கொதிநீர். வார்டு வாசலில் ஒருத்தி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விழுகிற நேரத்திலும் வாளியை அந்தப் பக்கம் விடாமல் தன் பக்கம் இழுத்திருக்கிறாள் கன்னியம்மா. அதனால்தான் கால் இப்படி.

பச்சைத் தண்ணீர், மருந்து, கட்டு. பெரிய பெரிய கொப்புளம். நான் கட்டுப் போடும்போது அவள் கேட்ட ஒரே கேள்வி: "நாளைக்கு யாரு சிஸ்டர் தண்ணி தூக்குவாங்க?" வாயை மூடு என்று அதட்டினேன். பிறகு ஸ்டோர் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி நிர்வாகத் தலைவர் வரதராஜன் குடையோடு வந்தார். இந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு இடம் கொடுத்தவர்கள் அவர் குடும்பம். அந்த நினைப்பு அவர் நடையிலேயே தெரியும்.

"இன்னா சிஸ்டர், பாத்து நடக்கச் சொல்லக் கூடாதா?"

"நடக்கறதைப் பத்திப் பேசாதீங்க ஐயா. வெந்நீர் குழாயில வரணும். வார்டுக்குள்ளயே வரணும்."

"அதுக்கின்னா, பண்ணிடலாம். ஒரு கமிட்டி போட்டுப் பேசிக்கலாம்."

கமிட்டி! ஒரு வாளி வெந்நீருக்கு.

11, செவ்வாய்

தூறல். கன்னியம்மாவை வண்டி வைத்து ஏரிக்கரைக்கு அனுப்பினேன். அவள் ஆட்கள், இருளர் குடும்பங்கள், அங்கேதான் இருக்கிறார்கள். காலை ஈரம் பண்ணாதே என்று சொன்னேன். அந்தக் குடிசையில் ஈரமில்லாத இடம் எது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

இன்று தண்ணீர் தூக்கியது நான். இடுப்பு போய்விட்டது.

டாக்டரம்மா காஞ்சிபுரத்திலிருந்து வரவில்லை. பஸ் இல்லையாம்.

13, வியாழன்

கமிட்டி கூடியது. தலைவர், ரைஸ்மில் நாகரத்தினம், நான். காராசேவு, காபி. காபிக்கு மட்டும் தண்ணீர் எப்படி உடனே கொதிக்கிறது? (மண்ணெண்ணெய் ஸ்டவ். எனக்குத் தெரியும். இருந்தாலும் எரிச்சல்.)

தலைவர் மடியிலிருந்து வழவழப்பான ஒரு காகிதம் எடுத்தார். சூரிய வெளிச்சத்தில் தண்ணீர் காயும் பலகை. மொட்டைமாடியில் சாய்த்து வைத்தால் போதுமாம்.

"மந்திரியக் கூப்ட்டுத் திறந்துடலாம். ஜில்லாவுலயே நம்முளுதுதான் மொதல்ல."

வெளியே மழை கொட்டுகிற சத்தத்தில் அவர் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை. இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நாகரத்தினம்: "பலகையாவது கிலகையாவது. எங்க மில்லுல உமி மலையாட்டம் கொட்டிக் கெடக்குது. உமி பாய்லர் வெச்சிடுங்க. ஆள் ஒருத்தர் தள்ளிக்கினே இருந்தா ஆவி பறக்கும்."

"அந்த ஆள் யாரு?" என்றேன்.

"உங்க கன்னியம்மாதான்."

மறுபடி நெருப்பு, மறுபடி புகை, சாம்பல் அள்ளுகிற வேலை உபரி. நான் கரண்ட் கீசர் என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில், "லைன் தாங்காது சிஸ்டர்." இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் சண்டையில்லை. வார்டு முழுக்கக் குளிக்க வேண்டுமானால் எத்தனை கீசர் வேண்டும்? அவர்கள் சொல்வது நியாயம்தான். அதனாலேயே இன்னும் கோபம்.

முடிவு: அடுத்த கூட்டத்தில் முடிவு.

16, ஞாயிறு

மழை இல்லை, வெயிலும் இல்லை. தடுப்பூசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் நேற்றிலிருந்து உறுமுகிறது. தலைவர் தன் தங்கை மகன் சேகரை அனுப்பினார். ஐயங்கார்குளத்துப் பையன் (பையன் என்ன, கல்யாணமானவன்). மெட்ராஸில் குளிர் அறை, ஐஸ் மெஷின் எல்லாம் ரிப்பேர் செய்கிறானாம்.

அவன் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தரையில் படுத்துக்கொண்டு திருகுகிறான். நான் யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டுமே, அவனிடம் கொட்டினேன். உமி, பலகை, கீசர், கன்னியம்மா கால், எல்லாம்.

கீழேயிருந்து குரல்: "காத்துலேர்ந்தே சூடு எடுக்கலாமே சிஸ்டர்."

யோசனை சொல்ல இன்னொருத்தன் என்று நினைத்தேன்.

"இப்படி வாங்க. இங்க கைய வைங்க."

ஃபிரிட்ஜின் பின்பக்கக் கம்பி வலை. கை வைத்தேன். நல்ல சூடு.

"உள்ள இருக்கற சூட்டை இழுத்து இங்க வெளிய தள்ளுது. அதனாலதான் உள்ள ஜில்லுனு கீது. இதையே திருப்பிப் போடுங்க. ரூம் காத்துல இருக்கற சூட்டை இழுத்து, தண்ணித் தொட்டிக்குள்ள தள்ளுனா? கீசர் திங்கிற கரண்ட்ல மூணுல ஒரு பங்கு போதும்."

இத்தனை வருஷம் ஃபிரிட்ஜின் முன்கதவை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மெட்ராஸில் ஒரு ஹோட்டலுக்குப் பழைய குளிர் அறை மெஷினை மாற்றிச் செய்து கொடுத்தானாம். மாமாவிடம் சொன்னாயா என்றேன். "மாமா இன்னும் என்னிய டிராயர் போட்ட பையனாத்தான் நினைச்சிக்கினு கீறாரு."

17, திங்கள்

அவனைப் போகவிடாமல் கேட்டது:

கொதிக்குமா? கொதிக்காது. கை பொறுக்காத சூடு வரை வரும். (போதும். குளிக்க எப்படியும் பச்சைத் தண்ணீர் கலக்கிறோம். கத்தரி, நூல் எல்லாம் கொதிக்க வைக்க ஸ்டவ் இருக்கவே இருக்கிறது.)

உடனே வருமா? வராது. மெதுவாகத்தான் சூடேறும். பெரிய தொட்டி வேண்டும், பகல் முழுக்க ஓடிச் சேர்த்து வைக்க வேண்டும்.

சத்தம்? உண்டு.

இழுத்த காற்று எங்கே போகும்? ஜில்லென்று வெளியே வரும். அவன் வார்டுத் தாழ்வாரத்தில் வைக்கலாம் என்றான். பிறந்த குழந்தை மேல் குளிர்காற்றா! சமையல்கட்டுப் பின்சுவரில் வை என்றேன். அங்கே எப்போதும் அனல், மெஷினுக்கும் நல்லது, சமையல்காரிக்கும் நல்லது. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கரெக்ட்டு" என்றான்.

கெட்டுப்போனால்? அவன்தான் வர வேண்டும். இது ஒன்றுதான் உறுத்துகிறது. மெட்ராஸிலிருந்து எப்போது வருவான்?

18, செவ்வாய்

கமிட்டி. சேகரையும் உட்கார வைத்தேன். சொல்லி முடிப்பதற்குள் நாகரத்தினம் சிரிப்பை ஆரம்பித்துவிட்டார்.

"காத்துல சூடா? இந்த மழக்காத்துலயா? எம்மா நாளா எனக்கு குளுருது, சூட்ட யாரு எடுத்துக்கினு போனாங்கன்னு இப்பதான் தெரியுது!"

தலைவரும் சிரித்தார். தங்கை மகனைப் பார்த்துச் சிரிப்பதில் ஒரு தனி ருசி போலிருக்கிறது.

சேகர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "மாமா, உங்க பம்புசெட்டு தண்ணிய உண்டாக்குதா?"

"இன்னாடா கேள்வி. கெணத்துல கீறத மேல தூக்குது."

"இதுவும் பம்புதான். காத்துல கீழ கெடக்கற சூட்டைத் தொட்டிக்குத் தூக்குது. மழக்காத்துலயும் சூடு கீது மாமா. கம்மியா கீது, அவ்ளோதான். கெணத்துல தண்ணி கீழ எறங்கினா பம்புசெட்டு நின்னுடுதா? கொஞ்சம் கஷ்டப்பட்டு இழுக்குது."

தலைவர் சிரிப்பை நிறுத்தினார். அவருக்குப் பம்புசெட்டு பாஷை புரியும். நாகரத்தினம் மட்டும், "வோல்டேஜ்? ராத்திரியானா பல்பு மின்மினிப் பூச்சியாட்டம் எரியுது, இதுல பம்பு வேற."

எனக்கு அப்போதுதான் பளிச்சென்றது. ஊரில் வோல்டேஜ் விழுவது எல்லாக் கிணற்றிலும் பம்புசெட்டு ஓடுகிற காலத்தில். மழைக்காலத்தில் எவன் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறான்? இந்த ஒரு வாரமாக விளக்கு பிரகாசமாகத்தானே எரிகிறது? நமக்கு வெ.நீ. அதிகம் வேண்டியதும் இந்த மழை, பனி மாதங்களில்தான். சொன்னேன்.

(வெ.நீ. என்றுதான் இனி எழுதப் போகிறேன். கை வலிக்கிறது.)

நாகரத்தினம் காராசேவுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தலைவர்: "ரெண்டையும் வெச்சிப் பாத்துடலாம். மொதல்ல பலகை."

ஏன் மொதல்ல பலகை? கேட்டால் கோபம் வரும். விட்டேன்.

21, வெள்ளி

பலகை வந்தது. கா.புரத்து வியாபாரி, ஒரு வாரம் இலவசமாகப் பார்க்கலாம் என்று இறக்கிவிட்டுப் போனார். பூ, சூடம், தேங்காய். தலைவர் கையால் தேங்காய் உடைத்தபோது மேகம் கும்மென்று இருந்தது.

மதியம் குழாயைத் திறந்தோம். வந்தது கிணற்றுத் தண்ணீரே தேவலை என்கிற மாதிரி.

"நாளைக்கு வெயில் வரும்," என்றார் தலைவர்.

23, ஞாயிறு

வெயில் வரவில்லை.

24, திங்கள்

கொஞ்ச நேரம் வந்தது. எல்லோரும் மாடிக்கு ஓடினோம். தண்ணீர் வெதுவெதுப்பு, சந்தோஷம். ஒருத்தி குளித்தாள். மறுபடி மேகம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: சித்திரையில் இந்தப் பலகை வெளுத்துக்கட்டும். சித்திரையில் இங்கே யார் வெ.நீ. கேட்கப் போகிறார்கள்?

கன்னியம்மாவைப் பார்த்துக் கட்டு மாற்றிவிட்டு வந்தேன். ஆறுகிறது, மெதுவாக. நடக்கிறாள், விந்தி விந்தி. "எப்ப சிஸ்டர் வேலைக்கு வர்றது?" கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் இதே கேள்வி.

25, செவ்வாய்

சேகர் வேனில் மெஷினைக் கொண்டுவந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. துருப்பிடித்த பெட்டி, மின்விசிறி, செப்புக்குழாய்ச் சுருள், ஒரு பெரிய இரும்புத் தொட்டி. தேங்காய் இல்லை, சூடம் இல்லை. சமையல்காரி: "இத்த எங்க அடுப்பாண்ட வெக்கப் போறீங்களா? வெடிக்காதில்ல?"

தொட்டியின் சூடு வெளியே போகாமல் சுற்றிலும் ஏதாவது அடைக்க வேண்டுமாம். மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தது மழையில் நனைந்துவிட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். உமி அடைக்கலாமா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் ஐஸ் கட்டியையே உமியில் புதைத்துத்தானே கொண்டுபோவார்கள்? காய்ந்த உமி என்றால் பிரமாதம் என்றான்.

நானே ரைஸ்மில்லுக்குப் போனேன். "உங்க உமி இல்லாம இந்த வேலை நடக்காதுன்னு சேகர் சொல்றான்," என்றேன்.

நாகரத்தினம் மூக்கைச் சொறிந்தார். "நான் மொதல்லியே சொன்னேனா இல்லியா, உமிதான் வேணும்னு?"

சொன்னீர்கள், சொன்னீர்கள். மூட்டை மூட்டையாக வந்தது. தொட்டியைச் சுற்றித் தகர வளையம், நடுவில் உமி. அப்புறம் அவரே நின்று வேலை வாங்கினார். "நல்லா இறுக்கி அடைடா."

ஓடவிட்டோம். சத்தம், மாவு மிஷின் மாதிரி. கொஞ்ச நேரத்தில் சேகர் ஒரு ஃபியூஸைப் போக்கினான். மாற்றினான். மறுபடி ஓடியது. சமையல்கட்டில் ஜிலுஜிலு காற்று. சமையல்காரி சமாதானமாகிவிட்டாள்.

26, புதன்

நேற்றிலிருந்து ஓடுகிறது. தொட்டித் தண்ணீரில் விரல் விட்டு எடுத்தேன். சூடு! எல்லோருக்கும் காலையிலேயே குளியல். ஒரு புகார் கூட இல்லை, ஒன்றைத் தவிர: "தண்ணியில கட்டை வாசன வரல சிஸ்டர்." என்ன செய்ய, சொல்லுங்கள்.

தலைவர் வந்து பார்த்துவிட்டு, "பாக்கலாம், பாக்கலாம். பலகைக்கும் இன்னும் ரெண்டு நாள் டைம் கீது," என்றார்.

வானொலியில் புயல் என்கிறான்.

27, வியாழன்

எழுத இப்போதுதான் உட்காருகிறேன்.

காலையில் பேய்க்காற்று. புளியமரம் லைன் மேல் விழுந்து கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றது. பலகை மாடியிலிருந்து பறந்து பக்கத்துக் கொல்லையில் விழுந்தது. யார் மேலும் விழவில்லை. விறகு கொட்டகைக்குள் தண்ணீர். மண்ணெண்ணெய் தீரும் தறுவாய்.

நாகரத்தினம் நனைந்தபடி வந்து நின்று மெஷினைப் பார்த்து, "கரண்ட் இல்லனா இது வெறும் டப்பா. நான் சொன்னேன்ல?" இதைச் சொல்வதற்காகவே இந்த மழையில் வந்திருக்கிறார்.

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் மாட்டுவண்டி. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு கன்னியம்மா இறங்குகிறாள், அந்தக் காலோடு. வண்டிக்குள் ஏரிக்கரை செல்லி, இடுப்பு வலியில். மாதம் நிறையவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு சொல்லிச்சு சிஸ்டர். நான் கூட இருக்கறன்னு சொல்லி இட்டாந்தன்."

டாக்டரம்மா வர வழியில்லை. வந்த கொஞ்ச நேரத்திலேயே பிறந்தது. பெண். உள்ளங்கையளவு. அழுதது, ஆனால் பூனைக்குட்டி சத்தம். தொட்டால் ஜில்லென்று. உதடு நீலம். இந்த மாதிரிக் குழந்தைகள் குளிரில் போய்விடும். வேறு ஒரு காரணமும் வேண்டாம், குளிரே போதும். நான் இரண்டு பார்த்திருக்கிறேன்.

பஞ்சு சுற்றினேன். ரப்பர் பைகளுக்கு வெ.நீ. வேண்டும். ஸ்டவ் அணைந்துகொண்டிருக்கிறது. "தொட்டியப் பாரு!" என்று கத்தினேன், யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று தெரியாது. நாகரத்தினம்தான் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

திரும்பி வந்தபோது வாளியில் ஆவி பறந்தது.

"சிஸ்டர், சுடுது! இன்னும் சுடுது! தொட்டி நெறைய கீது!"

நேற்று பூராவும் ஓடிச் சேர்த்த சூடு. உமி விடவில்லை.

பைகளில் ஊற்றி, துணி சுற்றி, இரண்டு பக்கமும் வைத்தோம். ஆறினால் மாற்று, ஆறினால் மாற்று. நாகரத்தினம் எத்தனை நடை நடந்தார் தெரியாது. கன்னியம்மா குழந்தையைச் செல்லி நெஞ்சில் வைத்துப் போர்த்தி, கை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கால் கட்டெல்லாம் சேறு. பார்த்துத் திட்டக்கூட எனக்கு நேரமில்லை.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு உதடு சிவந்தது. பிறகு நல்ல சத்தமாக அழுதது. நாகரத்தினம் வாசற்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்றார்.

28, வெள்ளி

குழந்தை உயிரோடு. பால் குடிக்கிறது. கரண்ட் இன்னும் வரவில்லை. தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது.

1 டிசம்பர், திங்கள்

கமிட்டி. இந்தத் தடவை பேச்சை ஆரம்பித்ததே நாகரத்தினம்தான். "காத்து மெஷினே வெச்சிடலாம். நம்ம உமி கீது, பயமில்ல." தலைவர் பறந்துபோன பலகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சேகரைப் பார்த்து, "வார்டுக்குக் குழா எப்படா போடுவ?" என்றார். அவ்வளவுதான். அதுவே அந்த வீட்டில் பாராட்டு போல. சேகர் கீழே பார்த்துச் சிரித்தான்.

கெட்டுப்போனால் பார்க்க, ஊர் எலக்ட்ரீஷியனுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேன். சரி என்றான். எழுதி வைத்தேன்.

எழுந்திருக்கும்போது தலைவர் சாவகாசமாக: "அப்ப தண்ணி தூக்கற ஆள் வாணாம். அந்தக் கன்னியம்மாவ நிறுத்திடலாம், சிஸ்டர்."

ஏரிக்கரையில் அவள் அத்தனை தடவை கேட்டாளே, எப்ப வேலைக்கு வர்றது என்று. அவளுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் புத்தியில்லை.

"ஐயா, செல்லி இங்க எப்படி வந்தா? யார் சொல்லி வந்தா? ஏரிக்கரைப் பொம்பளைங்க ஒருத்தியும் இந்தப் படி ஏறினதில்ல, கன்னியம்மா வேலைக்கு வர்ற வரைக்கும். அந்தக் குழந்தையைக் காப்பாத்தினது மெஷின் மட்டுமா? அவளை நிறுத்துனா நானும் பெட்டியைக் கட்டறேன்."

"அய்ய, இன்னா சிஸ்டர், இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு..."

"வார்டு வேலைக்குப் போடுங்க. குழந்தை குளிப்பாட்ட. நான் பழக்கறேன்."

தலைவர் தயங்கினார். ஏன் தயங்கினார் என்று எனக்குத் தெரியும். ஏரிக்கரைக்காரி கை எங்கள் பிள்ளை மேல் படுவதா என்று யாராவது கேட்பார்கள். அவரே கேட்பார். வாயால் சொல்லவில்லை, நானும் சொல்ல விடவில்லை.

நாகரத்தினம்: "வெச்சிக்கலாம் வரதராஜா. நான் அன்னிக்குப் பாத்தேன், அவ கைய."

தலைவர் குடையை எடுத்துக்கொண்டார். "உங்க இஷ்டம். எதனா பேச்சு வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

சொல்கிறேன். பதிலுக்கா பஞ்சம்.

11, வியாழன்

பனி. மழை ஓய்ந்துவிட்டது. வார்டுக்குள் குழாய் வந்துவிட்டது, நேற்று. இன்றைக்கே சொட்டுகிறது. சேகர், "வாஷர்தான் சிஸ்டர், அடுத்த வாரம் வர்றேன்." பக்கெட் வைத்திருக்கிறேன். மெஷின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று இரண்டு பேர் புகார். தலைவர் வீட்டு மருமகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், தனிக் குழாய் கிடையாதா என்று கேட்கிறார்கள். கிடையாது.

மருமகளுக்கு ஆண் குழந்தை, நேற்று. இன்று முதல் குளியல். கன்னியம்மா கால் நீட்டி உட்கார்ந்தாள், வடு பளபளவென்று தெரிகிற கால். நான் பக்கத்தில் நின்றேன், யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று. தலைவரின் மனைவி கதவருகே நின்றிருந்தார். குழந்தையைத் தன் கையாலேயே கொண்டுவந்து, ஒரு விநாடி தாமதித்து, கன்னியம்மா காலில் போட்டார்.

கன்னியம்மா முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். கலந்தாள். மறுபடி பார்த்தாள். ஊற்றினாள். குழந்தை ஊரைக் கூட்டுகிற மாதிரி வீறிட்டது.

"கத்து நைனா, நல்லா கத்து. சூடு சரியாத்தான் கீது."